கடைக்கால் ஆழமானால் வீடு ஆடாதா? நிலநடுக்கமும் அடித்தளமும்: ஓர் எளிய விளக்கம்

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பகல் 12:50. பர்மாவின் மண்டலேயில் எங்கள் அக்கா வீட்டின் பின்சுவர் அப்போதுதான் விழுந்தது. அரிசி புடைக்க அக்கா வாசல் பக்கம் வந்திருந்ததால் தப்பினார். முறம் மட்டும் கையில் இருந்ததாம், அரிசி தெரு முழுக்க. யாங்கோனில் இருந்த நாங்கள் முதலில் தலைச்சுற்றல் என்றுதான் நினைத்தோம். மாட்டியிருந்த சாமி படம் ஆடியதைப் பார்த்த பிறகுதான் நிலநடுக்கம் என்று புரிந்தது.

அன்று முதல் எங்கள் குடும்பத்தில் ஒரே பேச்சு, திரும்பக் கட்டும்போது கடைக்காலை எவ்வளவு ஆழம் போடுவது என்பதுதான். நான் கட்டட மேற்பார்வை வேலை பார்க்கிறவன். அதனால் அத்தான் போனில் என்னிடம் கேட்டார்: "பத்தடி தோண்டி அடி முழுக்க கான்கிரீட் கொட்டிட்டா, அப்புறம் எது வந்தாலும் அசையாதுல்ல தம்பி?"

இதே கேள்வியைக் கோயிலிலும் டீக்கடையிலும் கேட்டுவிட்டேன். ஒருவர் தஞ்சைப் பெரிய கோயில் மணல்மேல் நிற்பதால்தான் ஆயிரம் வருடம் ஆடவில்லை என்கிறார். இன்னொருவர் ஜப்பானில் எல்லா வீட்டையும் ஸ்பிரிங்மேல் வைத்திருக்கிறார்கள் என்கிறார். நிலநடுக்கமே தாக்காத கடைக்கால் போட்டுத் தருவதாக ஒரு கான்ட்ராக்டர் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். வீட்டை இழந்தவர்கள் கையில் இருக்கும் கடைசிப் பணத்தை இந்தப் பேச்சுகளை நம்பிப் போடுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பஸ்ஸில் நிற்கிறவர் ஏன் விழுகிறார்?

கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறீர்கள். டிரைவர் சட்டென்று வண்டியை எடுக்கிறார். யாரும் உங்களைத் தள்ளவில்லை, ஆனாலும் பின்னால் சாய்கிறீர்கள். பஸ்ஸின் தரை உங்கள் கால்களை முன்னே இழுத்துக்கொண்டு போகிறது. உடம்போ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. இருக்கும் நிலையிலேயே இருக்கப் பார்க்கும் இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர்.

வீட்டுக்கும் இதுதான் நடக்கிறது. கடைக்கால்தான் வீட்டின் கால். நிலம் பக்கவாட்டில் ஓடும்போது கடைக்காலும் கூடவே ஓடுகிறது. கூரையும் மேல்மாடியும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட சுவர்கள் இழுபட்டுக் கிழிகின்றன. அடுத்த நொடியில் நிலம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது, மறுபடி இழுப்பு. மண்டலேயில் பல வீட்டுச் சுவர்களில் பெருக்கல் குறி போலக் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விழுந்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கோடும் ஒரு பக்கத்து இழுப்பு.

இப்போது அத்தானின் கேள்விக்கு வருவோம். பஸ் தரையோடு உங்கள் கால்களை ஆணி அடித்து வைத்தால் ஆட்டம் குறையுமா? குறையாது. பஸ் போடும் ஒவ்வொரு உலுக்கலும் அப்படியே உடம்புக்குள் ஏறும். ஆழமான கடைக்காலும் நிலத்தோடு சேர்ந்து ஆடத்தான் செய்யும். நிலநடுக்கம் வீட்டுக்குள் வரும் வாசலே அதுதான்.

கனம் கூடினால் பலம் கூடும் என்ற நம்பிக்கையும் இங்கே உடைகிறது. எடை கூடக்கூட அதை இழுக்கும் விசையும் கூடும். மண்டலேயிலிருந்து படகில் போய்ப் பார்க்கிற மிங்குன் பகோடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். போதோபயா மன்னர் 1790இல் தொடங்கி முடிக்காமல் விட்டது, இன்று ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் செங்கல் மலை. அதைவிடக் கனமான கட்டடத்தைப் பர்மாவில் தேடித்தான் பார்க்க வேண்டும். 1839 நிலநடுக்கம் அதை மேலிருந்து கீழ்வரை பிளந்துபோட்டது. ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்த ராட்சதச் சிங்கங்களின் தலைகள் உருண்டு விழுந்தன. சின்ன வயதில் அந்தப் பிளவுக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறேன், முழங்கை வரை போனது.

இதுவரை பார்த்தது: நிலநடுக்கம் வீட்டை மேலிருந்து தள்ளுவதில்லை, கடைக்காலைப் பிடித்து இழுக்கிறது. ஆழத்தாலோ கனத்தாலோ அந்த இழுப்பு நிற்பதில்லை.

படியில் அரிசி அளப்பதும் மண்ணின் வேலையும்

சரி, ஆழத்துக்குப் பயனே இல்லையா? உண்டு. அதற்கு முதலில் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

படியில் அரிசியை நிரப்பிப் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் அரிசி கீழே இறங்குகிறது. மணிகள் நெருங்கி உட்காருவதால் நடுவில் இருந்த காற்று வெளியேறிவிடும். ஆற்றோரத்து மணலும் இப்படித்தான், தளர்வாகக் கிடக்கும். வித்தியாசம், அதன் மணிகளுக்கு நடுவே தண்ணீர் இருக்கிறது. நிலம் குலுங்கும்போது மணல் நெருங்கி உட்காரப் பார்க்கிறது, சில நொடிக்குள் தண்ணீருக்கு வெளியேற வழி கிடைப்பதில்லை. மாட்டிக்கொண்ட தண்ணீர் மணல்மணிகளை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிவிடுகிறது. மணி மணிமேல் உட்கார்ந்திருந்தவரைதான் அது நிலம், பிரிந்துவிட்டால் கஞ்சி. இதற்கு மண் திரவமாதல் என்று பெயர்.

1964இல் ஜப்பானின் நீகாட்டா நகரில் உலகமே இதைப் பார்த்தது. கவாகிஷிச்சோ என்ற இடத்தில் இருந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமல், நொறுங்காமல், அப்படியே சாய்ந்து படுத்தன. கட்டடத்தில் குறை இல்லை. கீழே இருந்த மண்தான் கைவிட்டது. சாய்ந்த கட்டடத்தின் வெளிச்சுவர்மேல் நடந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. ஐராவதி ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்மேல்தான் மண்டலே, அமரபுரா, சகாயிங் பகுதிகளில் பெரும்பாலான வீடுகள் நிற்கின்றன. மார்ச் 28 அன்று அங்கே பல இடங்களில் தரை பிளந்து சாம்பல் நிற மணலும் தண்ணீரும் பீறிட்டு வந்தன. நிலத்தடி நீர்க்குழாய் உடைந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் மண்தான் திரவமாகி மேலே வந்தது.

மென்மையான மண் இன்னொரு வேலையும் செய்யும். இங்கே தேங்காய்ப் பால் ஊற்றிச் செய்யும் கியாவ்க்ஜோ ஜெல்லியைத் தட்டில் வைத்துத் தட்டை லேசாக ஆட்டிப் பாருங்கள். தட்டு அசைந்தது கொஞ்சம், ஜெல்லி ஆடுவது நிறைய. ஈரக் களிமண்ணும் அப்படித்தான். அது வேகமான சிறு அதிர்வுகளை விழுங்கிவிட்டு, மெதுவான பெரிய ஆட்டத்தை வளர்த்துவிடும். 1985இல் மெக்சிகோ நகரத்தை நொறுக்கிய நிலநடுக்கம் பிறந்தது 350 கிலோமீட்டருக்கு அப்பால். பழைய ஏரிப் படுகைமேல் கட்டிய நகரம் அது. 2025இல் பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த 30 மாடிக் கட்டடம் விழுந்தபோது நிலநடுக்க மையம் 1,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் வேறு குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் பாங்காக் அவ்வளவு ஆடியதற்குக் காரணம் அதன் கீழே இருக்கும் களிமண்.

இப்போது ஆழத்தின் பயன் புரியும். மேலே இருக்கும் தளர்ந்த மண்ணைத் தாண்டி, கெட்டியான மண்ணில் காலை ஊன்றுவதற்குத்தான் ஆழம். எத்தனை அடி என்பதை மண்தான் சொல்லும், நாமாகப் பத்தடி என்று முடிவு செய்ய முடியாது. பத்தடியிலும் அதே ஈர மணல்தான் இருக்கிறது என்றால், அங்கே கொட்டிய கான்கிரீட் கஞ்சிக்குள் போட்ட கல்.

கட்டிப் போடுவதா, நழுவ விடுவதா?

இந்தப் பிரச்சினைக்கு மனிதர்கள் இரண்டாயிரம் வருடமாக விடை தேடுகிறார்கள். ஊரும் காலமும் மாறினாலும் விடைகள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, வீட்டின் எல்லாப் பாகங்களையும் ஒன்றாகக் கட்டிப் போடு, ஆடினால் மொத்தமாக ஆடட்டும். மற்றது, நிலம் ஓடட்டும், வீட்டை அதிலிருந்து நழுவ விடு.

நழுவ விடும் யோசனையின் சாயல் பழங்காலத்திலேயே தெரிகிறது. எபேசுவில் இருந்த ஆர்ட்டெமிஸ் கோயிலை நிலநடுக்கம் தாக்கக் கூடாது என்று சதுப்பு நிலத்தில் கட்டினார்கள் என்றும், கடைக்காலுக்கு அடியில் மிதித்து இறுக்கிய கரியும் ஆட்டுக் கம்பளியும் பரப்பினார்கள் என்றும் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். சதுப்பு நிலம் நல்லது என்ற எண்ணம் தவறு, மேலே பார்த்தோம். ஆனாலும் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே எதையாவது வைக்க வேண்டும் என்று அன்றைக்கே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. ஜப்பானில் மரத்தூண்களை மண்ணில் புதைக்காமல், கல்மேல் சும்மா நிறுத்திவைக்கும் பழைய வழக்கம் உண்டு. பெரிய உலுக்கலில் தூண் கல்லைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளும்.

கட்டிப் போடும் வழிக்குச் சிறந்த கதை லிஸ்பன். 1755 நவம்பர் 1 அன்று அந்த நகரம் நிலநடுக்கத்தாலும் கடல் அலையாலும் தீயாலும் அழிந்தது. திரும்பக் கட்டும்போது சுவருக்குள் குறுக்குச் சட்டங்களோடு ஒரு மரக்கூண்டு வைத்தார்கள். போர்த்துகீசிய மொழியில் அதற்குக் கயோலா என்று பெயர், பறவைக்கூண்டு என்று பொருள். கூண்டின் மாதிரியைச் சதுக்கத்தில் நிறுத்தி, சுற்றிலும் படைவீரர்களைத் தொம்தொம் என்று நடக்கவிட்டுச் சோதித்துப் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். கடைக்காலையும் அவர்கள் விட்டுவிடவில்லை. அங்கும் ஆற்றோர மண்தான். நீண்ட பைன் மரக் கழிகளை நிலத்தில் அடித்து இறக்கி, அவற்றின் தலைகளை மரச்சட்டத்தால் இணைத்து, அதன்மேல் சுவர் எழுப்பினார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் மரம் காற்றுப் படாததால் லேசில் உளுத்துப்போகாது.

படிக்கும்போதே உங்களுக்குப் பழக்கமான ஒரு வீடு ஞாபகம் வரவில்லையா? பர்மாவின் பழைய டவுன்களில் தேக்குச் சட்டம் போட்டு, நடுவில் செங்கல் செருகிப் பூசிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. என் தாத்தா முதலில் வாடகைக்கு இருந்ததும் அப்படி ஒரு வீட்டில்தான். செங்கல் உதிர்ந்தாலும் சட்டம் நிற்கும், கூரை தலையில் விழாது. சட்டம் உளுத்துப்போகாமல் பார்த்துக்கொண்டால் அது நல்ல வீடு. அதை இடித்துவிட்டுக் கம்பி குறைந்த கான்கிரீட் வீடு கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தஞ்சைப் பெரிய கோயில் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். இராஜராஜன் கட்டிய அந்தக் கோயில் ஆயிரம் வருடம் நிற்பது நம் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் தஞ்சாவூர் பெரிய நிலநடுக்கங்கள் வருகிற பகுதியில் இல்லை. மார்ச் 28 நிலநடுக்கம் பிறந்த சகாயிங் பிளவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அந்த ஆயிரம் வருடம் சாட்சி ஆகாது. பெகூவின் ஷ்வேமாவ்தாவ் பகோடாவும் ஆயிரம் வருடப் பெருமை உடையதுதான். 1930 மே 5 அன்று வந்த நிலநடுக்கத்தில் அது இடிந்து விழுந்தது. இன்று நாம் கும்பிடுவது 1950களில் கட்டி முடித்தது. பழைய கோபுரத்திலிருந்து விழுந்த ஒரு பெரிய செங்கல் துண்டை அப்படியே அடிவாரத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள், போகிறவர்கள் பாருங்கள்.

இதுவரை பார்த்தது: மண்ணைப் பார்த்துக் காலை ஊன்ற வேண்டும். ஊன்றிய பிறகு கட்டிப் போடுவது ஒரு வழி, நழுவ விடுவது இன்னொரு வழி.

குண்டுமேல் வைத்த வீடு

நழுவ விடும் யோசனை 19ஆம் நூற்றாண்டில்தான் பொறியியலாக மாறியது. 1870இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஜூல்ஸ் டுவாயோன் என்பவர், கட்டடத்துக்கும் கடைக்காலுக்கும் நடுவே உருளும் குண்டுகளை வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்.

அதைச் செய்தே பார்த்தவர் ஜான் மில்ன். டோக்கியோவில் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர். 1880களில் தரையில் அடித்த கழிகளின் தலையில் இரும்புத் தட்டுகள், அவற்றில் பத்து அங்குல இரும்புக் குண்டுகள், அதன்மேல் ஒரு சின்ன வீடு என்று கட்டினார். நிலம் ஆடினால் குண்டு உருளும், வீடு சும்மா இருக்கும் என்பது கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் காற்றடித்தாலே வீடு நகர ஆரம்பித்தது! குண்டின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கால் அங்குலக் குண்டுகளில் நிறுத்தினார். குண்டு சின்னதாக ஆக உராய்வு கூடும், காற்றுக்கு வீடு நகராது, நிலநடுக்கத்துக்கு மட்டும் நகரும். அன்றாடக் காற்றுக்கு அசையக் கூடாது, நிலம் ஆடும்போது நழுவ வேண்டும் என்ற இந்தச் சிக்கல்தான் அடுத்த நூறு வருட வேலையின் மையம்.

1909இல் இங்கிலாந்தின் ஸ்கார்பரோ ஊரிலிருந்து கலன்டேரியன்ட்ஸ் என்ற மருத்துவர் சிலி நாட்டின் நிலநடுக்கவியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். கடைக்காலுக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய மணலோ மைக்காவோ டால்க் பொடியோ பரப்பினால் வீடு அதன்மேல் வழுக்கிக்கொள்ளும் என்றார். வீடு நகர்ந்தால் தண்ணீர்க்குழாயும் எரிவாயுக்குழாயும் உடையுமே என்று அதற்கும் நெகிழும் இணைப்புகளை யோசித்து வைத்திருந்தார். ஒரு மருத்துவருக்கு இவ்வளவு தூரம் தோன்றியிருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் கதையையும் அடிக்கடி சொல்வார்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்தது, சேற்றின்மேல் கப்பல் போல மிதக்கட்டும் என்று குட்டையான கழிகள்மேல் நிறுத்தினார். 1923 செப்டம்பர் 1 அன்று பெரும் காண்டோ நிலநடுக்கத்தில் அது நின்றது, அதனால் மிதக்கும் கடைக்கால் உலகப் புகழ் பெற்றது. கதையின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. ஹோட்டல் சமமாக இல்லாமல் சேற்றில் அமிழ்ந்தது, பிறகும் அமிழ்ந்துகொண்டே இருந்தது, 1968இல் இடித்துவிட்டார்கள். அதே நாளில், நேர்மாறாக இறுக்கிக் கட்டும் வழியில் நைட்டோ என்ற ஜப்பானியப் பொறியாளர் வடிவமைத்த வங்கிக் கட்டடமும் நன்றாகத்தான் நின்றது.

நடுவில் ஒரு தப்பான திருப்பமும் உண்டு. குண்டு எதற்கு, தரைத்தளத் தூண்களையே வளையவிட்டால் போதுமே என்று 1930களில் சிலர் நினைத்தார்கள். 1971இல் கலிஃபோர்னியாவில் ஆலிவ் வியூ மருத்துவமனையின் தரைத்தளத் தூண்கள் அப்படி வளைந்தே நாசமாயின. கீழே கடைக்காக மொத்தமும் திறந்துவிட்டு, மேலே நாலு மாடிச் சுவர் எழுப்பும் நம் ஊர் கட்டடங்களுக்கும் இதே ஆபத்துதான்.

ரப்பர் வந்த கதை

என் தாத்தா பிறகு மோல்மேன் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார். பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து, துவைத்த துணி மாதிரி மூங்கிலில் காயப்போடுவார்கள். அந்த ஷீட்டைக் கையால் இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். அந்தக் குணம்தான் மில்னின் சிக்கலை அவிழ்த்தது. குண்டு உருண்டால் திரும்ப வராது, ரப்பர் திரும்ப வரும்.

1963இல் மாசிடோனியாவின் ஸ்கோப்யே நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தது. சுவிட்சர்லாந்து உதவியுடன் அங்கே பெஸ்டலோட்சி பள்ளியை 1969இல் கட்டி முடித்தார்கள். நிலநடுக்கத்திலிருந்து காக்க ரப்பர் கட்டிகள்மேல் நிறுத்திய முதல் கட்டடம் அது. ஆனால் வெறும் ரப்பர். கட்டடத்தின் எடையில், கையால் அழுத்திய இட்லி மாதிரி கட்டிகள் பக்கவாட்டில் பிதுங்கின. இப்படி இருந்தால் கட்டடம் பக்கவாட்டில் ஆடுவதோடு மேலும் கீழும் குதிக்கும்.

தீர்வு எளிமையானது. ஒரு ரப்பர் ஷீட், ஒரு இரும்புத் தகடு, மறுபடி ஷீட், மறுபடி தகடு என்று அடுக்கி, சூட்டில் ஒட்ட வைத்தார்கள். தகடுகள் ரப்பரைப் பிதுங்கவிடாது, அதனால் மேலிருந்து வரும் எடையைத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினாலோ அடுக்கிய சீட்டுக்கட்டு போல நெகிழும். மேலே கெட்டி, பக்கவாட்டில் இளக்கம். இதுதான் ரப்பர் தாங்கி. கட்டடத்தைக் கடைக்காலிலிருந்து இப்படிப் பிரித்து வைப்பதற்கு அடித்தளப் பிரிப்பு என்று பெயர்.

இது எப்படி வேலை செய்கிறது? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கயிற்று ஊஞ்சல் வேகமாக ஆடும், நீளக் கயிற்று ஊஞ்சல் மெதுவாக ஆடும். ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நேரம் அலைவு நேரம். கட்டடத்துக்கும் அது உண்டு: தோராயமாக மாடிக்கு 0.1 நொடி. இரண்டு மாடி வீடு என்றால் 0.2 நொடி. கெட்டியான நிலத்தில் நிலநடுக்கத்தின் பலத்த உலுக்கல்களும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான் வருகின்றன. ஊஞ்சல் ஆடும் தாளத்துக்கே தள்ளினால் என்ன ஆகும், ஒவ்வொரு தள்ளலுக்கும் ஆட்டம் ஏறும் அல்லவா? ரப்பர் தாங்கி கட்டடத்தின் அலைவு நேரத்தை 2, 3 நொடிக்குக் கொண்டுபோய்விடுகிறது. நீளக் கயிற்று ஊஞ்சலைப் படபடவென்று தள்ளினால் அது பெரிதாக அசையாது. கீழே நிலம் துடிக்கும், மேலே கட்டடம் மெதுவாகச் சாய்ந்தாடும்.

இன்னும் ஒன்று பாக்கி. ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கக் கூடாதே, அதை நிறுத்த வேண்டும். நியூசிலாந்தின் பில் ராபின்சன் 1970களில் ரப்பர் அடுக்கின் நடுவில் துளை போட்டு, அதில் ஓர் ஈய உருளையை இறுக்கினார். சாதாரணக் காற்றுக்கு ஈயம் அசையாது. பெரிய உலுக்கலில் அது வளைந்து கொடுத்து, ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடும். இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் சுடுவதைப் போல. இரும்பு அப்படி வளைந்து வளைந்து முறியும். ஈயமோ சாதாரண வெப்பநிலையிலேயே தன் உள் அமைப்பைச் சரிசெய்துகொள்ளும், மறுபடி வளையத் தயாராகும். வெலிங்டனில் 1981இல் கட்டிய வில்லியம் கிளேட்டன் கட்டடம்தான் ஈய ரப்பர் தாங்கியில் நின்ற முதல் கட்டடம். இந்தியாவில் 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு புஜ் நகரில் திரும்பக் கட்டிய மருத்துவமனையும் இந்தத் தாங்கிகள்மேல்தான் நிற்கிறது.

பெரிய சோதனை ஒரே தேதியில் இரண்டு முறை வந்தது. 1994 ஜனவரி 17, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் நார்த்ரிட்ஜ். சரியாக ஒரு வருடம் கழித்து 1995 ஜனவரி 17, கோபே. முதலாவதில் தாங்கிகள்மேல் நின்ற ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை சேதமில்லாமல் தொடர்ந்து வேலை செய்தது. இரண்டாவதில் ஓர் அஞ்சலகக் கணினி மையத்துக்குள் பதிவான உலுக்கல், வெளியே நிலத்தில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. ஜப்பானில் இந்த முறை வேகமாகப் பரவியது கோபேக்குப் பிறகுதான். அங்கேயும் எல்லா வீடும் தாங்கிமேல் இல்லை. ஸ்பிரிங்மேல் இருக்கும் ஊர் என்பது நாம் பெரிதாக்கிய பேச்சு.

இதுவரை பார்த்தது: தாங்கி நிலநடுக்கத்தைத் தடுப்பதில்லை. அதன் தாளத்திலிருந்து கட்டடத்தை விலக்கி வைக்கிறது.

தாங்கியால் முடியாதது

கட்டடம் நகர்வதற்குச் சுற்றிலும் இடம் வேண்டும், சில இடங்களில் அரை மீட்டர் வரை. அந்த இடைவெளியில் படிக்கட்டு கட்டிவிட்டாலோ குப்பை நிரப்பிவிட்டாலோ தாங்கி வீண். ஜெல்லி போன்ற மண்ணில் நிலமே 2, 3 நொடித் தாளத்தில் ஆடும். அங்கே மெதுவான ஊஞ்சல் சரியாக வலையில் போய் மாட்டும். பிளவு நேராக வீட்டுக்கு அடியில் ஓடினால் எதுவும் காப்பாற்றாது. மார்ச் 28 அன்று சகாயிங் பிளவு 450 கிலோமீட்டருக்கு மேல் கிழிந்தது, சில இடங்களில் நிலம் ஆறு மீட்டர் வரை பக்கவாட்டில் நகர்ந்தது.

அதனால் மண்டலேயில் ஒரு மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ தாங்கி வேண்டும் என்று கேட்டால், முதலில் மண்ணைச் சோதியுங்கள் என்பேன். சோதனை சரி என்றால் கட்டாயம் வையுங்கள் என்பேன். அத்தானின் வீட்டுக்குத் தாங்கி தேவையில்லை. அவருக்கு லிஸ்பன் வழிதான்.

விறகுக்கட்டுக்குக் கயிறு

சிதறிக் கிடக்கும் விறகைத் தலையில் தூக்க முடியாது, கயிறு போட்டுக் கட்டினால் முடியும். வீட்டின் எல்லாச் சுவர்களுக்கும் அடியில் ஓடி, வளையமாக மூடிக்கொள்ளும் கம்பி போட்ட கான்கிரீட் பட்டைதான் அந்தக் கயிறு. கொத்தனார்கள் பிளிந்த் பீம் என்பார்கள். நிலம் ஒரு மூலையில் இறங்கினாலும் மற்ற மூலைகள் அதைத் தாங்கிப் பிடிக்க இது வேண்டும். ஜன்னல் தலைக்கு மேலே ஒரு பட்டை, கூரைக்குக் கீழே ஒரு பட்டை. தூணின் கம்பி, அதன் அடிப்பாதமான ஃபுட்டிங்கிலிருந்து கூரைவரை அறுபடாமல் ஏற வேண்டும். 1935இல், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் குவெட்டா நகரம் தரைமட்டமானபோது, சில வருடம் முன்பு எஸ். எல். குமார் என்ற இளம் ரயில்வே பொறியாளர் பழைய தண்டவாள இரும்பைச் சட்டமாக வைத்துக் கட்டிய குடியிருப்புகள் நின்றன. அங்கேயும் காப்பாற்றியது ஆழம் இல்லை, பிணைப்பு.

போன மாதம் மண்டலே போனேன். பின்சுவர் இருந்த இடத்தில் அத்தானும் நானும் ஒரு குழி வெட்டினோம். முதல் இரண்டடி பழைய செங்கல் தூளும் குப்பை மண்ணும். அப்புறம் சாம்பல் நிறத்தில் நைசான மணல். கையில் பிடித்தால் நிற்கவில்லை. ஆறடியில் தண்ணீர். அத்தான் குழிக்குள் இறங்கி ஒரே இடத்தில் பலமாக மிதித்தார். காலைச் சுற்றி மணல் பளபளத்து, குழைந்து, கணுக்கால்வரை விழுங்கியது. அவர் மேலே ஏறி வந்து கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"பத்தடி வேணாம் தம்பி," என்றார் பிறகு.

ஒரே மாடி, தகரக் கூரை, மண்ணைச் சோதித்துப் பொறியாளர் சொல்லும் அளவில் அகலமான ஃபுட்டிங், சுற்றிலும் பிளிந்த் பீம் என்று பேசி முடித்தோம். மழைக்காலத்தில் ஆறு ஏறும்போது தண்ணீர் எவ்வளவு மேலே வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவது என்றும் முடிவு. அத்தான் ஒரு மூங்கிலைக் குழியில் ஊன்றி, அன்றைய நீர்மட்டத்தில் கத்தியால் கீறி வைத்திருக்கிறார். வாரம் ஒரு கீறல் போடுகிறார். நேற்று அக்கா போனில் சொன்னார், மூன்றாவது கீறல் முதல் கீறலைவிட நாலு விரல் மேலே இருக்கிறதாம்.